வாரிஜம்மா அழுத்திய பத்தாவது பெயர்

ஆறு வருஷமாக ஒரு கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வாரிஜம்மா எனக்காக ஒரு தடவை கைப்பேசியில் விரலை அழுத்தவில்லை என்ற கோபம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பீண்யா தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குச் சிரிப்பு வராது.

எங்கள் பக்கம் முன்பெல்லாம் வேலை மாறுகிறவன் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போவான். இப்போது எல்லாம் கைப்பேசியில் ஒரு பக்கம். பெயர், படம், எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம், அதற்குக் கீழே திறமைகளின் பட்டியல். நம்மைத் தெரிந்தவர்கள் அந்தத் திறமையின் மேல் அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் எண் ஒன்று ஏறும். இதற்கு எண்டார்ஸ் என்று பெயர். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் பக்கத்தைத் திறந்து கொடுத்தவன் என் மனைவி யசோதாவின் தம்பி. கோலாரில் பூக்கடை வைத்திருக்கிறான். அவன்தான் எஃகை அரைத்து மட்டமாக்குகிற என் வேலையைக் கிரைண்டிங் என்று எழுதி, அதற்குக் கீழே தலைமைப் பண்பு, குழு மேலாண்மை, வியூகம் என்றெல்லாம் சேர்த்துவிட்டான். முதல் ஆளாக எல்லாவற்றிலும் அவனே அழுத்தினான். கிரைண்டிங் மெஷின் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மெஷின் துடைத்து முடித்ததும் பேக்கரி வாசலில் நாங்கள் கூடுவோம். கையில் காரா பன், இன்னொரு கையில் கைப்பேசி. நீ எனக்கு, நான் உனக்கு என்று அழுத்திக்கொள்வது அங்கேதான்.

"நஸீர், உனக்கு வெல்டிங்ல அழுத்திட்டேன். நீ எனக்குத் தலைமைப் பண்புல அழுத்து" என்பேன்.

"நீ யாருக்குப்பா தலைவன்?"

"வீட்டுலயும் இல்ல. அதுக்காக அழுத்த மாட்டியா?"

"அழுத்தறேன், அழுத்தறேன். எனக்கு வெல்டிங்கே தெரியாது, நீ அழுத்தலையா?"

இப்படியே என் எண் இருநூற்றுப் பதினான்குக்கு ஏறியது. வாரிஜம்மா மட்டும் வரவில்லை. எங்கள் கம்பெனியில் அளவு பார்க்கிற இன்ஸ்பெக்டர் அவர். நாங்கள் அரைத்து, கடைந்து, துளைத்து அனுப்புகிற ஒவ்வொரு உதிரிப் பாகமும், எங்கள் பேச்சில் ஜாப், அவருடைய கருங்கல் மேஜைக்குப் போய்த்தான் வெளியே போகும். ஒன்பது வருஷமாக என் ஜாப்பை அளக்கிறவர். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு நாள் நேராகவே போய்க் கேட்டேன்.

"அம்மா, இருநூத்திப் பதினாலு பேர் எனக்கு அழுத்தியிருக்காங்க."

"பாத்தேன்."

"நீங்க அழுத்தலையே."

"உங்க ஜாப்பைப் பாத்திருக்கேன் ஹாலப்பா. நீங்க செய்யறதப் பாத்ததில்ல."

"ஜாப் சரியா இருந்தா, செஞ்சவன் சரியாதானே செஞ்சிருப்பான்?"

"உங்க மெஷின்ல ரெண்டு ஷிஃப்ட் ஓடுது. ஒரே டப்பாவுல வருது. எது நீங்க, எது குருபசப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல முடியாததால்தான் கோபம் ஆறு வருஷம் நின்றது. பேக்கரியில் போய், அந்தம்மாவுக்கு விரலில் சுளுக்கு என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

அவர் திப்டூர்ப் பக்கம். கணவர் சன்னபசவய்யா நகரப் பேருந்தில் கண்டக்டர். இருபத்திரண்டு வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது, முடிந்த ஜாப்பை எண்ணெய்த் தாளில் சுற்றி டப்பாவில் அடுக்குகிற வேலைதான் கொடுத்தார்களாம். சுற்றும்போதே சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஏன் என்று முதலாளி சேஷகிரி ராவ் கேட்டதற்கு, விரலில் ஏதோ தடுக்கிறது என்றாராம். தனியாக வைத்த பதினொன்றையும் அளந்து பார்த்தார்கள். பதினொன்றும் தப்பு. மறுநாளே அவரை அளவு மேஜைக்கு அனுப்பிவிட்டார் ராவ். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் அந்த மேஜையை விட்டு அவர் நகரவில்லை.

மெஷினிலிருந்து சூடாக வருகிற ஜாப்பை உடனே அளக்க மாட்டார். சூட்டில் இரும்பு கொஞ்சம் ஊதியிருக்கும். கருங்கல் மேல் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுவார். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, ராவே வந்து நின்றாலும் சரி.

"வாரிஜா, வண்டி நிக்குது."

"நிக்கட்டும் சார். இது இன்னும் மூச்சு வாங்குது."

அவருடைய பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். முகப் படம் கிடையாது. 'அளவு பார்ப்பேன், பீண்யா' என்று ஒரு வரி. கீழே அளவு பார்த்தல் என்று ஒரே ஒரு திறமை. அதில் அழுத்தியவர்கள் நானூற்று அறுபத்தொன்று பேர். ஓசூர், கோயம்புத்தூர், புனே என்று எங்கெங்கோ இருந்து பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள். அவர் மற்றவர்களுக்கு அழுத்தியது முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில் ஒன்பதே பேருக்கு. ஒன்பது பேரில் ஒருவன்கூட ஒரு நாள் வேலையில்லாமல் இருந்ததில்லை.

அந்த ஒன்பதில் ஒருவன் சித்தலிங்கா. லேத் ஓட்டுகிறவன். ஓசூரில் ஒரு கம்பெனி வாரிஜம்மாவின் பெயரைப் பார்த்து அவனை எடுத்தது. மூன்றாவது வாரமே நாற்பது ஜாப் பாழாகிவிட்டது. அவர்கள் வாரிஜம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் அழுத்திய ஆள் இப்படிச் செய்கிறான் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும், எனக்கென்ன தெரியும் சார், இங்கே நன்றாகத்தான் செய்தான் என்று வைத்திருப்பார்கள். நான் அப்படித்தான் வைத்திருப்பேன். இந்தம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டார். அவன் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நின்றார். சாயங்காலம் அங்கிருந்த மேலாளரிடம், பையன் கை சரி, மெஷின் சூடானதும் அதன் தலை ஆடுகிறது, பிரித்துப் பாருங்கள் என்றார். பிரித்தார்கள். உள்ளே பேரிங் போயிருந்தது. திரும்பி வந்து திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை. சித்தலிங்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதைக் கேட்ட அன்று நான் பேக்கரியில் யாருக்கும் அழுத்தவில்லை. அவர் ஒரு தடவை விரலை வைத்தால் அது ஓசூர் வரைக்கும் பஸ் ஏறிப் போகிற விரல். நான் இருநூறு பேருக்கு அழுத்தியிருந்தேன். ஒருவனுக்காகவும் தெரு முனை வரை நடந்திருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி அழுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அழுத்துவது மட்டுமில்லை, நான் எல்லாவற்றையும் போடுகிறவன். புது செருப்பு வாங்கினால் படம். முழங்கால் எக்ஸ்ரே எடுத்தால் படம். முதலாளியோடு வாய்த்தகராறு என்றால் அதையும் நாலு வரி சொல்லி எழுத வைத்துப் போடுவேன். யசோதா ஒரு நாள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள்.

"என் பித்தப்பைக் கல்லுக்கு நூத்தி நாப்பது பேர் லைக் போட்டிருக்காங்க. உங்கள யாரு போடச் சொன்னா?"

"எல்லாரும் நல்லா ஆகணும்னுதானே சொல்லியிருக்காங்க."

"பால்காரன் கேக்கறான், கல்லு எவ்வளவு பெருசுன்னு."

அப்போதாவது கையை அடக்கியிருக்க வேண்டும். போன ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்று மெஷினுக்குத்தான் மரியாதை. என் கிரைண்டிங் மெஷினைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சாமந்தி மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வைத்தோம். முடித்து வைத்திருந்த ஜாப் ஒன்றையும் மெஷின் மேல் வைத்து அதற்கும் குங்குமம் இட்டேன். என் கையால் செய்தது, அதற்கும் பூஜை வேண்டாமா? படம் எடுத்துப் போட்டேன். 'என் தெய்வம்' என்று எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள்.

மெஷினுக்குப் பின்னால் சுவரில் அந்த ஜாப்பின் டிராயிங் ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர் பெயர், அளவு, எல்லாம் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஜாப் இன்னும் வெளியே தெரியக்கூடாத ஒன்று. தெரியாமல் வைப்போம் என்று ராவ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். படத்தை அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் பதினேழு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். தை மாதம் பிறந்ததும், அந்த மாதக் கடைசியில் கிரைண்டிங் பகுதியையே மூடப்போவதாக ராவ் சொன்னார். குருபசப்பா ஊருக்குப் போய் மாடு வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நாற்பத்தொன்பது வயது. பெண் நர்ஸிங் மூன்றாம் வருஷம். மாதக் கடைசிக்குப் பிறகு எங்கே போவது?

தேவனஹள்ளிப் பக்கம் விமானத்துக்கு உதிரிப் பாகம் செய்கிற புதுக் கம்பெனி ஒன்றில் கிரைண்டிங் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அங்கே ஆள் எடுக்கிறவர் பொன்னப்பா என்று குடகுக்காரர், மீசை வைத்தவர், என் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளினார்.

"தலைமைப் பண்புக்கு அறுபது பேர். கோலார்ல பூக்கடைக்காரர் ஒருத்தர் உங்க வியூகத்தப் பாராட்டியிருக்கார்."

"மச்சான் சார்."

"வாரிஜம்மா இருக்கற கம்பெனியா?"

"ஆமா சார்."

"ஒம்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ. அவங்க அழுத்தலையே, ஏன்?"

"கேட்டேன் சார். அழுத்தல."

அவர் சிரிக்கவில்லை. "அவங்க பாத்து அனுப்பின டப்பாவ நான் பழைய கம்பெனியில இருந்தப்ப திரும்பப் பிரிச்சதே இல்ல. அவங்க உங்களுக்கு அழுத்தட்டும். திங்கக்கிழமை உங்க பக்கத்தயும் அவங்க பக்கத்தயும் பாத்துட்டு அவங்களுக்கே ஃபோன் பண்றேன். இல்லன்னா வேற ஆள் ரெண்டு பேர் இருக்காங்க."

அந்தச் சனிக்கிழமைதான் வாரிஜம்மாவுக்கு வேலையில் கடைசி நாள். ஐம்பத்தெட்டு முடிகிறது.

புதன்கிழமை காலையில் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். ஆறு வருஷக் கோபத்தை மென்று விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பூக்கடைக்காரன் வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

"இப்ப ஒரு ஷிஃப்ட்தானே ஓடுது?"

"ஆமாம்மா. நான் மட்டும்தான்."

"அப்ப பாக்கலாம்" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

மெஷினுக்கு வலது பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்தது மெல்லிய தகடு வேலை. கையகல எஃகுத் தகடுகள், இரண்டு மில்லிமீட்டர் கனம். யாரும் விரும்பாத ஜாப். காந்தப் பலகை மேல் வைத்தால் இழுத்துப் பிடித்துத் தட்டையாக்கும், அரைத்து முடித்து எடுத்தால் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். முதல் தகட்டிலேயே அரைக்கிற வீல் அதிகமாக அழுந்தி, எஃகு சூடேறி நீலக் கறை விழுந்தது. அவர் கறையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறவைத்தால் அவரும் காத்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தால்தான் எழுந்தார்.

வியாழக்கிழமை ஒரே ஒரு கேள்வி.

"அந்தத் தாள் எதுக்கு?"

நாள்காட்டியிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து வைத்திருப்பேன். தகட்டை முதலில் விரலால் அழுத்திப் பார்த்து, எங்கே அடியில் பள்ளம் இருக்கிறதோ அங்கே தாளைக் கத்தரித்துச் சொருகுவேன். காந்தம் இழுக்கும்போது தகடு வளைய இடமிருக்காது. மேலே ஒரு துளி அரைப்பேன், திருப்பிப் போட்டு ஒரு துளி, மறுபடி திருப்பி ஒரு துளி. அதையெல்லாம் நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. அதை எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை, படம் போட்டதில்லை. செருப்பைப் போட்டவன் இதைப் போடவில்லை.

"பள்ளத்துக்கும்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். இன்னொரு இன்ஸ்பெக்டரான நேத்ராவதியைக் கூப்பிட்டு, அன்று முடிந்த தகடுகளை அளந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

சனிக்கிழமை ராவ் அவருக்குச் சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லோருக்கும் மைசூர் பாகு கொடுத்தார். எங்கள் ஆட்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். நான் எடுக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டார்.

"உங்க பக்கத்தத் திறங்க. தலைமைப் பண்ப எடுங்க."

எடுத்தேன்.

"வியூகம். அப்புறம் அது என்னது, குழு ஏதோ."

எல்லாவற்றையும் எடுத்தேன். அறுபதும் எண்பதுமாக எண்கள் போய்க்கொண்டே இருந்தன. சட்டையைக் கழற்றி வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

"கிரைண்டிங்கயும் எடுத்துடுங்க."

"அம்மா, அதுவும் போனா என்னம்மா மிச்சம்?"

"குருபசப்பா போனப்புறம் வந்த உருளையெல்லாம் சுமார்தான். வீல் தீட்டறதும் அவர் இருந்தப்ப இருந்த மாதிரி இல்ல. தகடு விஷயத்துல மட்டும், முப்பத்தாறு வருஷத்துல உங்க மாதிரி ஒரு கை நான் பாக்கல. ஒரு தகட்ட எட்டு தடவ திருப்பறீங்க. மத்தவன் ரெண்டோட விட்டுடுவான். எட்டுன்னு உங்களுக்கே தெரியாது, இல்ல?"

தெரியாது. நான் எண்ணியதே இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் அழுத்தியும் ஒருவரும் அதை எண்ணியதில்லை. ஒரு மனுஷி மூன்று நாள் உட்கார்ந்து, நான் எத்தனை தடவை தகட்டைத் திருப்புகிறேன் என்று எண்ணியிருக்கிறார். பெற்ற தாய்கூட என்னை அப்படிப் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை.

'மெல்லிய தகடு கிரைண்டிங்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். தன் கைப்பேசியை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் காதுப் பக்கமாக ஒதுக்கிப் பிடித்து, ஓரக்கண்ணால் பார்த்து அழுத்தினார். என் பக்கத்தில் ஒன்று என்று விழுந்தது. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பொன்னப்பா கூப்பிட்டா ஆயுத பூஜை படத்தப் பத்தியும் கேப்பாரு. நடந்தத சொல்லுவேன்."

"சொல்லணுமாம்மா?"

"நான் அழுத்தினது தகடு அரைக்கறதுக்கு. வாயக் கட்டறதுக்கு இல்ல."

சரி என்றேன். அப்போது அவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"என் பக்கம் திறந்திருக்கா பாருங்க. அளவு பார்த்தல்னு இருக்கும். அத எடுத்துடுங்க."

எனக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"கண்ணுக்கு நடுவுல ஒரு புள்ளி விழுந்துடுச்சு ஹாலப்பா. ரெண்டு மாசமாச்சு. ஆள் தெரியுது, கை தெரியுது, சுத்துவட்டம் எல்லாம் தெரியுது. நேரா பாக்கற எடத்துல கோடு தெரியல. மைக்ரோமீட்டர் கோடு சுத்தமா தெரியல. ராவ் சார்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். ரெண்டு மாசமா கையெழுத்து நேத்ராவதியோடது, நீங்க யாரும் பாக்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. மேஜை பக்கத்தில் அவர் நின்றால் போதும் என்று இருந்துவிட்டோம். அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை பொன்னப்பா இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். நானூற்று அறுபத்தொன்று பேர் அழுத்திய கை அழுத்தியதால்தான் என் ஒன்றுக்கு மதிப்பு. அதை எடுத்துவிட்டால் அவர் வெறும் ரிட்டயரான அம்மா, நான் ஒற்றை எண் வைத்திருக்கிற ஆள்.

"திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்மா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அவர் பாத்துட்டுப் போகட்டும். செவ்வாக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வந்து எடுத்துத் தரேன்."

"திங்கக்கிழமை அவர் பாக்கறப்ப எனக்குக் கோடு தெரியுமா?"

"தெரியாதும்மா. ஆனா என் கையப் பாத்தது நெஜந்தானே?"

"நெஜம். கையப் பாத்தேன், அளவு நேத்ராவதி எடுத்தான்னு அவர்கிட்டயே சொல்றேன். அத வெச்சு அவர் எடுக்கறதுன்னா எடுக்கட்டும். எனக்குத் தெரியாத ஒண்ணு தெரியும்னு அங்க நிக்கக் கூடாது. ஒரு நாள்கூட."

யசோதா நினைவுக்கு வந்தாள். பெண்ணின் கட்டண ரசீது நினைவுக்கு வந்தது. என் கட்டைவிரல் அந்தக் கண்ணாடி மேல் நின்றது. முப்பது வருஷம் எஃகு அரைத்த விரல், நகரமாட்டேன் என்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. சூடான ஜாப் ஆறுவதற்குக் காத்திருக்கிற மாதிரியே, மேஜை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. மறுபடி அழுத்தினேன். 'அளவு பார்ப்பேன், பீண்யா' என்ற அந்த ஒரு வரி மட்டும் மிச்சம் நின்றது.

அவர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போயிடுச்சா? எனக்குத் தெரியல. இப்ப அங்க என்ன இருக்குன்னு ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்க ஹாலப்பா" என்றார்.